ஜீனோவும் முகமுள்ள இயந்திரங்களும்

எழுத்தாளர் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்தது. 2020களில் நடப்பதாகப் புனையப்பட்ட கதை அது. அவ்வாண்டுகளை நாம் எட்டிவிட்டோம். நாவலின் நாயகி நிலா. ஆயினும் படித்தவர் நெஞ்சில் நிற்பது ஜீனோ என்னும் இயந்திர நாயே. காரணம் என்ன?

நிலாவின் கணவன் சிபி காணாமற் போகிறான். நாட்டை ஆளும் ஜீவா வெறும் ஒளிப்பிம்பம் என்பது பின்னர் தெரியவருகிறது. துணை நிற்பதாகச் சொன்ன ரவிக்கோ வேறு கணக்கு இருக்கிறது. இத்தனை பேருக்கு நடுவே அவளுக்கு உண்மையாயிருப்பது ஜீனோ ஒன்றுதான். ஜீனோவின் முகத்தைவிட அதன் குறும்புப் பேச்சே நமக்கு நினைவிருக்கிறது. அதன்மேல் நாம் கொள்ளும் அன்பு, அது செய்த செயலால் விளைந்தது. இஃது ஆசிரியரின் வெற்றி. ஆனால் மனிதர் எல்லாரும் கைவிட்ட இடத்தை ஓர் இயந்திரம் நிரப்புவதில் அவருக்குத் துயரமே இல்லை. வேடிக்கையாகவே சொல்லிப் போகிறார். நம்மை உறுத்துவது அதுவே.

ஆய்வுக்கூடங்களோ முகத்திலிருந்து தொடங்கின. 1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் சிந்தியா பிரசீல் என்னும் அம்மையார் 'கிஸ்மெட்' என்ற இயந்திரத் தலையை உருவாக்கினார். அதற்குப் புருவம், இமை, உதடு, காது யாவும் அசையும். கடிந்து பேசினால் தலை கவிழும், கொஞ்சினால் மலரும். சொல்லின் பொருள் அதற்குத் தெரியாது. குரலின் ஏற்ற இறக்கமே தெரியும். எதிரே இருப்பவர் தாயைப் போல நடந்துகொள்ள வேண்டும் என்றே குழந்தை முகம் தந்தார்கள்.

ஜப்பானில் தகனோரி ஷிபாட்டா செய்த 'பாரோ' இன்னும் நுட்பமானது. கடல்நாய்க்குட்டி வடிவம், மென்மயிர், தடவினால் முனகும். நினைவிழந்த முதியோர் இல்லங்களில் அது பயன்படுகிறது. நாயோ பூனையோ எனில் மக்கள் உண்மையானதோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள் என்றுதான் கடல்நாயைத் தெரிந்தெடுத்தாராம். கெட்டிக்காரர்!

நம் வேப்பூருக்கு அருகே விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகளும் சிரிக்கத்தான் செய்கின்றன. அச்சில் களிமண் கூழ் ஊற்றி எடுப்பதால் ஆயிரம் பொம்மைக்கும் ஒரே சிரிப்பு. அச்சிரிப்பு நம்மை நோக்கியதன்று என்பது குழந்தைக்கும் தெரியும். பாரோ நம் தொடுகைக்கு மறுமொழி தருகிறது. ஆகவே மயக்கம் எளிது.

பாரோவை மடியில் வைத்த முதியவர் அமைதியடைகிறார் என்பதை நாம் மறுக்கவில்லை. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்க, நற்கருணை கொண்டு செல்லும் நம்மை வாசலிலேயே நிறுத்திப் பேசும் தாய்மார் நம் ஊர்களில் உண்டு. மருந்து உண்டதைச் சொல்வார்கள், பேரனின் படத்தைக் காட்டுவார்கள், சொன்னதையே மறுபடியும் சொல்வார்கள். பாரோ அலுக்காமல் கேட்கும். நமக்கோ அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது.