டி டிரைவுக்கு மாறும் சொந்தக் கோப்புறைகள்

விண்டோஸ் கணினியில் டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், டெஸ்க்டொப் ஆகிய சொந்தக் கோப்புறைகள் சி டிரைவில், பயனரின் பெயரிலுள்ள கோப்புறைக்குள் இருக்கும். 2007இல் வந்த விஸ்டாவிலிருந்து விண்டோஸ் 11 வரை இந்த ஒழுங்கு மாறவில்லை. அவற்றை வேறு டிரைவுக்கு மாற்றும் வசதியும் விண்டோஸிலேயே உண்டு. ப்ரொப்பர்ட்டீஸ் பெட்டிக்குள் ஒதுங்கிக் கிடப்பதால் அது பலர் கண்ணில் படுவதில்லை.

இலங்கையின் வடக்கிலுள்ள பளை போன்ற ஊரில் இந்த வசதியின் பெறுமதி அதிகம். போர்க்கால இடப்பெயர்வுகளில் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் தொலைத்த குடும்பங்கள் அங்கே ஏராளம். பிறகு அலைந்து பெற்ற பிரதிகளை ஸ்கான் செய்து கணினியில் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கோப்புறை வெறும் கோப்புறை அல்ல. கணினி மந்தமானாலோ வைரஸ் புகுந்தாலோ, திருத்துபவர் பெரும்பாலும் சி டிரைவை ஃபோர்மட் செய்து விண்டோஸைப் புதிதாகப் போடுவார். சியில் இருந்தவை அத்தோடு போய்விடும். டியில் இருப்பவை தப்பும். இடநெருக்கடியும் தீரும்: 128 ஜிபி எஸ்எஸ்டி என்று விற்கப்படுவதில் விண்டோஸ் காட்டுவது ஏறத்தாழ 119 ஜிபிதான்.

செய்முறை சுருக்கமானது. டி டிரைவில் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்புறை உருவாக்கிக்கொள்ள வேண்டும். பழைய கோப்புறையில் வலது கிளிக் செய்து ப்ரொப்பர்ட்டீஸ், லொக்கேஷன், மூவ் என்று போய், புதிய இடத்தைக் காட்டி அப்ளை கொடுத்தால், உள்ளிருப்பவற்றையும் கொண்டுபோகவா என்று கேட்கும். ஆம் என்றே சொல்ல வேண்டும். மறுத்தால் பழையவை சியிலும் புதியவை டியிலுமாகச் சிதறும். டி டிரைவையே நேராகக் காட்டிவிடுவதுதான் மிக மோசமான பிழை. முழு டிரைவும் டொக்கியுமென்ட்ஸ் ஆகிவிடும்; அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும் சிரமம். மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் கோப்புறைக் காப்பு இயங்கிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்த வேண்டும். ஒன்டிரைவில் இலவசமாகக் கிடைப்பதும் 5 ஜிபி மட்டுமே.

மாற்றம் நடக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்புகள் பாதி இங்கும் பாதி அங்குமாக நிற்கும். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சிறிய விடயமல்ல. யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில், முக்கியமானவற்றை முதலில் பென்டிரைவில் பிரதி எடுத்துவிட்டே மூவ் பொத்தானைத் தொட வேண்டும்.

இந்த வசதி எல்லாவற்றையும் காப்பாற்றாது. பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களும் வைபர் உரையாடல்களும் ஆப்டேட்டா என்னும் மறைந்த கோப்புறையில், சியிலேயே தங்கும். அதைவிட முக்கியமானது: சியும் டியும் ஒரே வட்டின் இரு பிரிவுகளாக இருந்தால், வட்டு பழுதாகும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். வெளி ஹார்ட்டிஸ்க்குக்கு மாற்றுவதும் சரிவராது. அதைக் கழற்றியவுடன் கோப்புறை கிடைக்கவில்லை என்ற செய்திதான் வரும். விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகு லொக்கேஷனில் டியின் இடத்தை மறுபடி காட்டவும் வேண்டும்.

காசு கேட்காத, சொன்னதைச் செய்யும் வசதி இது. கணினி வீட்டுக்கு வந்த அன்றே, கோப்புகள் சேருமுன் இதைச் செய்துவிடுங்கள். உறுதிக்கும் சான்றிதழ்களுக்கும் இன்னொரு பிரதியைப் பென்டிரைவில் எடுத்து, உறவினர் வீடொன்றில் கொடுத்து வையுங்கள்.