நூற்றுக்கு எத்தனை? அறுவை அரங்கச் செவிலியரை அளக்கும் கோல்கள்

செவிலியரின் தொழில்திறனை எண்ணாக்க முயன்றவர்களில் ஃபின்லாந்தின் ரீட்டா மெரெடோயா குழுவினரைத் தவிர்த்துப் பேச முடியாது. 2004இல் வெளியான அவர்களது அளவுகோலில் 73 கூறுகள், ஏழு பிரிவுகள். ஒவ்வொரு கூறுக்கும் செவிலியர் 0 முதல் 100 வரை தமக்குத் தாமே மதிப்பெண் இடுகிறார். அந்தச் செயலைச் செய்ய எவ்வளவு அடிக்கடி நேர்கிறது என்பதையும் தனியே குறிக்கிறார். இரண்டாவது கேள்விதான் இதன் நுட்பம். அரிதாய் வாய்க்கும் செயலில் மதிப்பெண் குறைவது வேறு, அன்றாடச் செயலில் குறைவது வேறு. பிரிவுகளின் உள்ளிசைவும் (ஆல்ஃபா 0.79 முதல் 0.91 வரை) குறைசொல்ல இடமற்றது.

குறை அடித்தளத்தில் இருக்கிறது. ஏழு பிரிவுகளும் பட்ரிஷியா பென்னர் 1984இல் வகுத்தவற்றின் வழி வந்தவை. பென்னரோ அவற்றைச் செவிலியர் தம் பணியனுபவங்களை விவரித்த கூற்றுகளிலிருந்து பிரித்தெடுத்தவர். தேர்ந்த செவிலியரின் அறிவு சூழலோடு ஒட்டிக் கிடப்பது, பட்டியலுக்குள் முழுதாய் அடங்காதது என்பது அவர் வாதம். வாதத்தை விட்டுத் தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்ட கோல் அவற்றையே பட்டியலாக்கிவிட்டது. தவிர, இது பொதுவான மருத்துவமனைப் பணிக்கென எழுந்தது. கற்பித்தலுக்கு ஒரு முழுப் பிரிவு உண்டு. மயக்கத்தில் கிடக்கும் நோயாளிக்கு எதைக் கற்பிப்பது?

அந்தப் பொருத்தமின்மையைச் சரிசெய்தது ஆஸ்திரேலியாவின் பிரிஜிட் கில்லெஸ்பி குழு. 2012இல் வந்த 40 கூறுகள் கொண்ட அவர்களது கோல் அரங்கத்திற்கென்றே ஆனது. பரிவைத் தனிக் காரணியாக்கியது அதன் பேறு. ஆனால் அதே கோலில் தேர்ச்சி பிற காரணிகளோடு அருகருகே நிற்கும் ஒரு காரணி. பென்னரிடம் அது ஒன்றன்பின் ஒன்றாய் ஏறும் படிகளில் ஒன்று. படியைப் பக்கவாட்டில் வைத்தால் எது ஏறுவது, எது நிற்பது என்பது தெளிவாகாது.

மயக்க மருந்துப் பிரிவுக்கு ஃபின்லாந்திலேயே 2020இல் உருவான அனெஸ்ட்காம்ப் என்ற கோல் 39 கூறுகளோடு சிக்கனமானது. இடர், மருந்து, கருவி, அறம் என்று அந்தப் பணியின் உண்மையான முனைகளைத் தொடுகிறது. உள்ளடக்க ஏற்புடைமையில் மூன்றில் இதுவே முதல்.

ஆனால் மூன்றும் கேட்பது செவிலியரின் சொந்த வாக்குமூலத்தை. மருத்துவர்களின் சுயமதிப்பீட்டைப் புற அளவீடுகளோடு ஒப்பிட்ட ஆய்வுகளை 2006இல் ஒரு மீளாய்வு தொகுத்தது. 20 ஒப்பீடுகளில் 13இல் தொடர்பு சொற்பம், அல்லது இல்லை, அல்லது தலைகீழ். செவிலியர் மட்டும் இதற்கு விதிவிலக்கு என நம்பக் காரணம் இல்லை. பிழை எப்போதும் தற்பெருமைப் பக்கமே சாயும் என்பதும் இல்லை. மெரெடோயாவின் 2003 ஒப்பீட்டில் மேலாளர்கள் தந்த மதிப்பெண் செவிலியர் தமக்குத் தந்ததைவிடக் கூடுதல். இருவரில் யார் சரி? மூன்றாவது சான்று இன்றி இதற்கு விடை கிடையாது. நம்பகத்தன்மையை இத்தனை கருத்தாய்த் தீட்டிய துறை, ஏற்புடைமையை இந்த இடத்தில் கேள்வியாகவே விட்டுவைத்தது.

அபர்டீனில் உருவான ஸ்பிளின்ட்ஸ் என்ற கோல் அந்தச் சான்றைத் தேடிப் போகிறது. சர்ஜனுக்குக் கருவி எடுத்துத் தரும் ஸ்க்ரப் நர்ஸின் நடத்தையை இன்னொருவர் நேரில் பார்த்து நான்கு படிநிலைகளில் மதிப்பிடுகிறார். மதிப்பிடப்படுபவை சூழலறிவு, தொடர்பாடலும் குழுப்பணியும், பணி மேலாண்மை என மூன்று வகை, ஒன்பது கூறுகள். இங்கும் ஒரு சிக்கல். முன்னுணர்தல் என்ற கூறு சரியாக நிகழும்போது பார்க்க எதுவுமே இருக்காது. சர்ஜன் கேட்குமுன் கருவி கைக்கு வந்துவிடும், அவ்வளவுதான். அடுத்த கட்டம் எது என்று அறியாத பார்வையாளர் அதைத் தற்செயல் என்றே எண்ணுவார். கைத்திறனை இந்தக் கோல் வேண்டுமென்றே ஒதுக்குகிறது. அரங்கில் சுற்றி நின்று உதவும் சர்குலேட்டிங் நர்ஸ் அதன் வரம்பிலேயே இல்லை.

ஆயினும் என் தேர்வு ஸ்பிளின்ட்ஸ்தான். குறுகலான இடத்தைப் பார்த்தாலும் அது பார்ப்பது செயலை. மற்றவை தன்னம்பிக்கையை அளந்து அதற்குத் திறன் என்று பெயரிடுகின்றன. மெரெடோயாவின் கோலுக்குப் பணிப்பயிற்சி உரையாடலில் இடம் உண்டு. பதவி உயர்வுக்கோ சான்றிதழுக்கோ அதன் எண்ணை ஆதாரமாக்குவது முறையல்ல. மயக்க மருந்துச் செவிலியர் நிலை இன்னும் பின்தங்கியது. அவர்களை நேரில் பார்த்து மதிப்பிட, மயக்கவியல் மருத்துவர்களுக்கென வகுத்த கோலையே நார்வேயில் தழுவி எழுத வேண்டியிருந்தது. அனெஸ்ட்காம்ப்பின் 39 கூறுகளில் கண்ணால் காணத்தக்கவற்றைப் பிரித்தெடுத்துப் பார்வையாளர் கையில் கொடுப்பது அதைவிட நேரான வழி.