குடும்ப விளக்கும் வீட்டுப் பணியும்

பாவேந்தர் பாரதிதாசன் இல்லறத்தைப் பாடிய நூல்களுள் தலையாயது 'குடும்ப விளக்கு'. ஒருநாள் நிகழ்ச்சி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு, முதியோர் காதல் என ஐந்து பகுதிகளாக அமைந்தது. அரண்மனையையும் போர்க்களத்தையும் விடுத்து, ஒரு வணிகரின் இல்லத்தையே களமாகக் கொண்டது. தலைவி தங்கம், தலைவன் மணவழகன். நம் திருமண மேடைகளிலும் சங்க விழாக்களிலும் இந்நூலைப் போற்றாத பேச்சாளர் அரியர். போற்றுதல் எளிது. வீட்டு வேலையை யார் செய்வது என்னும் வினாவுக்கு இந்நூல் தரும் விடை யாது என ஆராய்ந்தவர் சிலரே. அதனை ஈண்டுக் காண்போம்.

தங்கத்தின் ஒரு நாள்

முதற்பகுதி தங்கத்தின் ஒரு நாளை விடியல் தொடங்கி இரவு வரை காட்டுகிறது. அவள் வீடு துலக்குகிறாள், கோலமிடுகிறாள், யாழ் மீட்டிப் பாடுகிறாள், பிள்ளைகளைப் பேணிப் பாடம் சொல்லித் தருகிறாள், சமைக்கிறாள், மாமன் மாமியைப் போற்றுகிறாள், பழுதானவற்றைச் செப்பனிடுகிறாள், கணவனுக்கு மாற்றாகக் கடையிலும் அமர்கிறாள். இத்தனையும் முடித்த பிறகு, இரவில், நாட்டுக்கும் தமிழுக்கும் இன்று நாம் என்ன செய்தோம் என்று கேட்பவளும் அவளே.

இஃது ஓர் உயர்ந்த ஓவியம் என்பதில் ஐயமில்லை. பெண்ணைப் பேதை என்று பழித்த காலத்தில், கல்வியும் கலையும் வாணிகமும் பொதுநல நாட்டமும் அவளுக்கு உரியன என்று காட்டினார் பாவேந்தர். ஆனால் ஒன்று கருதத்தக்கது. தங்கம் கணவனின் கடைக்குச் செல்கிறாள். கணவன் அவளுடைய அடுப்பங்கரைக்கு வருவதாக அந்த ஒருநாள் நிகழ்ச்சி அமையவில்லை. பணி ஒரு பக்கமிருந்து மட்டும் எல்லை கடக்கிறது. கற்ற பெண்ணுக்குப் புதிய உரிமைகள் வந்தன. பழைய சுமைகளுள் ஒன்றேனும் குறைந்ததா?

கவிஞரே தந்த விடை

இக்குறையைக் கவிஞர் உணராதவர் அல்லர். விருந்தோம்பற் பகுதியில், சமைப்பது பெண்களுக்கே உரிய கடமை என்று விதித்திருப்பதை மறுக்கிறார். ஆடவரும் அப்பணியைத் தமதென எண்ணும் நாள் வரவேண்டும் என்கிறார். சமையல் தாழ்ந்த தொழில் அன்று, உயிரை ஆக்கும் தொழில் என்று அதனை உயர்த்துகிறார். 1940களில் இவ்வாறு பாடியது பெருந்துணிவே.

எனினும், அந்நிலை மாற வழியாக அவர் சுட்டுவது பெண்கல்வி. அதன் தேவையை யாரும் மறுக்கார். ஆயின் பெண் கற்றுவிட்டால் மட்டும் போதுமா? நடுவண் அரசு 2019ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டோருள் ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். அவ்வாறு ஈடுபட்டவருள் பெண் ஒரு நாளில் செலவிட்ட நேரம் 299 நிமிடம்; ஆண் செலவிட்டது 97 நிமிடம். பாவேந்தர் காலத்தினும் பெண்கல்வி பன்மடங்கு வளர்ந்துள்ளது. அடுப்பங்கரைக் கணக்கு அந்த அளவுக்கு மாறவில்லை. மாற வேண்டிய கல்வி மணவழகனின் கல்வி.

முன்னும் பின்னும்

சங்க இலக்கியத்தில் குறுந்தொகையின் 167ஆம் பாடல், கூடலூர் கிழார் பாடியது, நினைவுக்கு வருகிறது. இளமனைவி தயிர் பிசைந்த விரலால் உடையைத் திருத்தி, தாளிப்புப் புகை கண்ணில் படிய, தானே துழாவிச் சமைக்கிறாள். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. அங்கே கணவனின் பங்கு ஒரு சொல். அச்சொல்லுக்கும் மதிப்பு உண்டு. ஆனால் புகையில் பாதியை அஃது ஏற்றுக்கொள்ளாது.

பாவேந்தருக்குப் பின் வந்தவர் அம்பை. 1988இல் வெளிவந்த 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' என்னும் தொகுதியின் தலைப்புக் கதை, இராசத்தான் மாநிலத்துப் பெரிய குடும்பம் ஒன்றைக் காட்டுகிறது. விசாலமான வீட்டில் சமையலறைக்கு மட்டும் ஒரு மூலை. அதனைச் சீர்செய்யலாம் என்று மருமகள் மீனாட்சி சொல்லும் கருத்து எடுபடுவதில்லை. வீட்டின் மூத்த பெண்களோ அம்மூலையையே தம் ஆட்சிப் பரப்பாகக் கொண்டிருக்கின்றனர். பாவேந்தர் காணாத ஓர் உண்மை இங்கே புலனாகிறது. பணியைப் பகிர்தல் ஏற்பவருக்கு மட்டும் அன்று, விடுபவருக்கும் அரிது. கரண்டியை மகனிடம் கொடுக்கத் தயங்கும் தாயும் இந்த ஏற்பாட்டின் ஒரு தூண் ஆகிறாள்.

நம் இல்லங்கள்

இவ்வாராய்ச்சி புலம்பெயர்ந்து வாழும் நமக்கு வெறும் ஏட்டுச் செய்தி அன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துடன் சேர்ந்தபோது, பிச்சாட்டூர், நாகலாபுரம், சத்தியவேடு முதலிய ஊர்கள் ஆந்திரத்தில் அமைந்தன. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்திலும் 2022 முதல் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்த பிச்சாட்டூரில், அலுவலகத்தின் மொழி தெலுங்கு. தமிழ்க் குடும்பங்களுக்கு வீடே தமிழின் முதற்பள்ளி. அங்கிருந்து பெயர்ந்தாலும், வேறெங்கிருந்து கடல் கடந்தாலும், நம் நிலையும் அதுவே. அப்பள்ளியின் ஆசிரியர் யார்? பெரும்பாலும் தாய். பள்ளியையும் அடுப்பையும் ஒருங்கே அவளிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளுக்குத் தமிழ் வரவில்லையே என்று மேடையில் வருந்துகிறோம். கற்ற பெண்ணின் குடும்பம் பல்கலைக்கழகம் என்று பாவேந்தர் கண்ட கனவு நனவாக வேண்டுமாயின், அவளுக்கு நேரம் வேண்டும். அந்நேரத்தைத் தரவல்லவர் கணவரும் மக்களுமே.

பொருளீட்டுவது ஆடவன் பணி, வீடு பெண்ணின் பணி, இதுவே பங்கீடு என்பாரும் உளர். வெளிநாட்டில் உழைத்த ஒருவரின் வருவாயில் வாங்கிய சொத்துகள் பற்றிய வழக்கில், 2023 சூன் திங்களில் சென்னை உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இவர்கள் அறியத்தக்கது. வீட்டைக் காத்த மனைவியின் உழைப்பும் அச்சொத்துச் சேர்வதற்கு ஆற்றிய பங்களிப்பே என்று ஏற்று, அவருக்கும் உரிமை உண்டு என நீதிமன்றம் கூறியது. வீட்டுப் பணியும் உழைப்பே என்று சட்டம் ஏற்கும்போது, அதனைத் தம் கையால் செய்வதில் ஆடவருக்கு என்ன இழிவு?

'குடும்ப விளக்கு' நாம் இன்றும் படிக்க வேண்டிய நூல். ஆனால் முதற்பகுதியை மட்டும் பெண்களுக்குப் பரிசளித்து நிறுத்திவிடலாகாது. விருந்தோம்பற் பகுதியை ஆடவர் ஓதி உணர வேண்டும். விளக்கு ஒன்றாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் வார்ப்பதும் திரி தூண்டுவதும் வீட்டில் உள்ளோர் அனைவரின் கடமை.