பூட்டு சரி, போட்டது யார்?

பொதுச் சாவி மறையாக்கத்தைத் தமிழில் விளக்குறவங்க பெரும்பாலும் பூட்டு உவமையைத்தான் எடுக்கிறாங்க: பூட்டை ஊருக்கே கொடு, சாவியை நீ மட்டும் வச்சுக்கோ. நல்ல உவமைதான். ஆனால் பாதி விஷயத்தை முழுங்கிடுது.

எங்க புதுச்சேரியையே எடுத்துக்குங்க. 1910 ஏப்ரலில் இங்கே வந்த அரவிந்தர், சந்திரநாகூர் மோதிலால் ராய்க்கு எழுதிய கடிதங்களில் புரட்சி வேலைகளைத் தாந்திரீகச் சொற்களால் மறைத்தார். எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது இருவருக்கும் முன்பே தெரிந்திருக்கணும். 1976-இல் டிஃபியும் ஹெல்மனும் எழுதிய கட்டுரை அந்த முன்னேற்பாட்டைத்தான் தேவையில்லாமல் ஆக்கியது.

ஆனால் அந்தப் பழைய சங்கேதத்தில் ஒரு இலவச லாபம் இருந்தது. அது தெரிந்து எழுதினாலே, ஆள் நம்ம ஆள். பூட்டு எல்லார் கையிலும் இருந்தால்? போலீஸ்காரரும் மோதிலால் பேரில் எழுதி, பூட்டி அனுப்பலாமே!

வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றில் ராஜத்துரோகக் காகிதங்களை யாரோ போட்டு, அவரைச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். அவர்கள் முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசில் சொன்னதால் தப்பித்தார்கள். பொதுப் பூட்டும் கிணறு மாதிரிதான். யார் வேணும்னாலும் எதையும் போடலாம்.

அதனால்தான் டிஜிட்டல் கையொப்பம். தனிச் சாவியால் ஒப்பமிட்டால், பொதுச் சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். 1977-இல் வந்த ஆர்எஸ்ஏ இரண்டுக்கும் உதவும். பூட்டு உவமையில் இதுக்கு இடமே இல்லை.

அந்தப் பொதுச் சாவி உண்மையில் அவருடையதுதானா? வாட்ஸ்அப்பில் அதைச் சரிபார்க்க 60 இலக்க எண் ஒன்று இருக்கு. நேரில் ஒப்பிட்டுப் பார்த்தவர் எவரையும் நான் இன்னும் சந்திக்கலை.