வாய் பிளக்காத குஞ்சு

பங்குனி பாதி தாண்டிவிட்டால் பறவைப் படக்காரர்கள் அனுப்புவதெல்லாம் வாய்கள்தான். தேன்சிட்டின் தொங்கு கூட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் வாய், கொண்டைக்குருவிக் கூட்டில் ஒன்றையொன்று முண்டும் மூன்று வாய், கரிச்சான் தட்டானைக் கொண்டுவந்து திணிக்கும் வாய். கீழே ‘தாய்ப்பாசம்’ என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். படத்தில் குறை சொல்ல ஒன்றும் இராது. இறகு இறகாக எண்ணலாம். எனக்குத்தான் இரண்டாவது படத்திலேயே அலுத்துவிடுகிறது. இரை வாங்கும் நொடியில் எல்லாக் குஞ்சும் ஒரே குஞ்சு. தனக்கென்று ஒரு குணம் அதற்கு வருவது கூட்டைவிட்டு இறங்கிய பிறகுதான்.

வால் பாதிகூட வளராத கரிச்சான் குஞ்சு மின்கம்பியிலிருந்து பாய்ந்து, பூச்சியைத் தவறவிட்டு, திரும்பி வந்து ஒன்றுமே நடக்காததுபோல் உட்காரும் தோரணையைப் பாருங்கள். நடு வால் கம்பி முளைக்காத பஞ்சுருட்டான் குஞ்சுகள் ஒரே கிளையில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, தேனீயைத் தட்டித் தின்னும் பெரிய பறவையைத் தலை திருப்பித் திருப்பிப் பார்க்கும். புள்ளி ஆந்தைக் குஞ்சு பொந்து வாசலில் நின்று தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மை அளவெடுக்கும். இவற்றுக்காக எந்த வெயிலிலும் போகலாம். ஆனால் ஒன்றை மட்டும்தான் பார்க்கலாம் என்று யாராவது கட்டுப்படுத்தினால், நான் யோசிக்காமல் சொல்வது சிவப்பு மூக்கு ஆட்காட்டியின் குஞ்சை.

அது யாரிடமும் வாய் பிளப்பதில்லை. முட்டையைவிட்டு வந்து இறகு உலர்ந்ததும் எழுந்து நடந்து, தன் பூச்சியைத் தானே கொத்திக்கொள்ளும். தாய் தகப்பன் வேலை காவலும் நிழலும்தான். ஊட்டுவது அவர்கள் கணக்கிலேயே இல்லை. ஊட்டும் படம் வேண்டுகிறவர்கள் இதை ஏறெடுத்தும் பார்க்காததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பார்ப்பவர்களும் பறந்து தாக்கும் தாயைத்தான் எடுக்கிறார்கள்.

வற்றிய கண்மாயின் உள்வாயில், வெடித்த வண்டல் மேல் அது நடப்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். உடம்பு ஒரு எலுமிச்சம்பழம் அளவுதான், கால் மட்டும் வேறு யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் நீளம். முதுகில் கறுப்பும் பழுப்பும் கலந்த தூவல் புள்ளி. மார்பில் ஒரு கறுப்புப் பட்டை, பிடரியில் பளிச்சென்று வெள்ளை. மூக்குக்கு மேலே வரப்போகும் சிவப்புத் தசையின் சுவடே இருக்காது. நாலு எட்டு ஓடும், நிற்கும், மண்ணை ஒரு கொத்து. மறுபடி நாலு எட்டு. வெடிப்பின் விளிம்புக்கு வந்தால் மட்டும் ஒரு தயக்கம். குனிந்து பார்த்து, சுற்றிப் போகலாமா என்று கொஞ்சம் நடந்து, கடைசியில் குதிக்கும். பாதி நேரம் மறுபக்கத்தில் மார்பு தட்டித்தான் இறங்கும்.

மேலே கரும்பருந்தின் நிழல் போகிறது. தகப்பன் ஒரு குரல் கொடுக்கிறது. நாலு குஞ்சும் நின்ற நின்ற இடத்தில் மடங்கிப் படுக்கின்றன. கழுத்து உள்ளே போனதும் பிடரி வெள்ளை மறைகிறது, மார்புப் பட்டை மண்ணுக்குள் போகிறது, மிஞ்சுவது ஒரு மண்கட்டி. கண்ணெதிரே இருந்ததை நாமே தொலைத்துவிடுவோம்.

இந்த மறைதலைத்தான் எல்லாரும் வியக்கிறார்கள், படமும் எடுக்கிறார்கள். எனக்கு வேண்டியது இதற்கு அடுத்து வருவது. பருந்து போன பிறகும் உடனே எழாது. கத்தல் அடங்கி, தாய் அலகைத் தாழ்த்தி இரை தேட ஆரம்பிக்க வேண்டும். அப்போது மண்கட்டியில் முதலில் தலை மட்டும் ஒரு விரற்கடை உயரும். கழுத்து நீளும், தொலைந்த வெள்ளைப் பிடரி திரும்ப வரும். பிறகு கால்கள் உடம்பை ஒரு குலுக்கலோடு மேலே தூக்கும். நாலும் ஒன்றாக எழுவதில்லை. துணிந்தது ஒன்று முன்னால் எழும், கடைக்குட்டி ஒன்று மற்றவை மேயப் போன பிறகும் படுத்தே கிடக்கும். படுத்திருக்கும் குஞ்சின் படம் பயந்த குஞ்சின் படம். பெரும்பாலும் பயமுறுத்தியவர் கேமராவுக்குப் பின்னால்தான் இருப்பார். எழுந்திருக்கும் குஞ்சின் படம் வேண்டுமென்றால் பறவை நம்மை மறந்திருக்க வேண்டும். ஒரு படக்காரரின் தரத்தை அளக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

வெயில் ஏறினால் இன்னொரு காட்சி உண்டு. தாய் லேசாகச் சிறகை விரித்துப் பாதி உட்கார்ந்த நிலையில் நிற்கும். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அடியில் நுழையும். வெளியே தெரிவது ஒரு பறவையும் பத்துக் கால்களும். கூந்தன்குளத்தில் சங்குவளை நாரைகள் சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தருவதை எடுக்க லென்ஸ்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அழகுதான், மறுக்கவில்லை. இருந்தாலும் இந்தப் பத்துக் கால் பறவையின் கூத்து அதில் கிடையாது. அதோடு ஆட்காட்டி செய்யும் ஒரு காரியம் நாரைக்குக் கைவராது. மிச்சமிருக்கும் குட்டைக்குப் போய் அடிவயிற்று இறகைத் தண்ணீரில் தோய்த்து, சொட்டச் சொட்ட ஓடி வந்து முட்டைமேல் உட்காரும். குஞ்சு பொரித்த பிறகும் அந்த ஈரத்தோடே வந்து அணைக்கும். நனைந்து முள்முள்ளாக ஒட்டிய வயிற்று இறகு காலை வெளிச்சத்தில் நன்றாகவே படத்தில் விழும். எடுத்தவர்கள்தான் சிலர்.

காலை வெளிச்சம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கண்மாய்த் தரையில் எட்டரை மணிக்குமேல் எவ்வளவு விலையுள்ள லென்ஸும் உதவாது. தரையோடு தரையாகக் கானல் நெளியும். குஞ்சின் கண் கரைந்த மை மாதிரி வரும். கேமராவில் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விடிந்த கையோடு வந்து, கலுங்கோரம் காரை நிறுத்தி, உள்ளேயே இருப்பது உத்தமம். காரை ஆட்காட்டி பொருட்படுத்துவதில்லை. கதவைத் திறந்து ஒரு கால் கீழே வைத்தால் கண்மாய் முழுக்கச் செய்தி போய்விடும். தரைமட்டத்தில்தான் எடுக்க வேண்டுமென்றால் முன்னாலேயே வந்து, மணல் பையில் லென்ஸைச் சாய்த்துக் குப்புறப் படுத்து, அவை பழகும்வரை கிடக்க வேண்டும். மதுரைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் அப்படிக் கிடந்தபோது ஆடு ஓட்டி வந்த பெரியவர், “தம்பி, உசுரோடதான் கெடக்கீகளா?” என்று கம்பால் தட்டிக் கேட்டார். விஷயத்தைச் சொன்னதும், “ஆக்காட்டிக் குஞ்சா? இப்பத்தான் என் ஆட்டுக் காலுக்குள்ள ஓடுச்சு” என்றார். அவருக்குப் பாதை விட்டுக் கத்திய அதே பறவைகள் ஆடுகளை ஒன்றும் சொல்லவில்லை.

பொறுமைக்கு இந்தக் கலையில் நீண்ட வரலாறு இருக்கிறது. இங்கிலாந்தில் கியர்ட்டன் சகோதரர்கள் 1900 வாக்கில் பறவைக்குச் சந்தேகம் வராமலிருக்கக் கூடுபோட்ட மாட்டுத் தோலுக்குள் புகுந்து படமெடுத்தார்கள். எரிக் ஹோஸ்கிங் 1937-ல் ஆந்தை நகத்துக்கு ஒரு கண்ணைக் கொடுத்துவிட்டு, மீதிக் கண்ணோடு ஆந்தைகளையே தொடர்ந்து எடுத்தார். நம்மவரான மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996-ல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் பத்தி எழுதியவர், வண்ணம் வந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் கறுப்பு வெள்ளையை விடவில்லை. கியர்ட்டன் காலத்துப் படங்கள் பெரும்பாலும் கூட்டோரப் படங்கள், அந்தக் கருவிகளுக்கு வேறு வழியில்லை. வினாடிக்கு இருபது படம், சத்தமில்லாத ஷட்டர், பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் குவியம் எல்லாம் கையில் இருக்கும்போதும் கூட்டுக்கே போய் நிற்பதற்கு என்ன சாக்கு?

நிற்பதோடு போனாலும் பரவாயில்லை. கூட்டை மறைத்த கிளையை ஒடித்துவிடுகிறார்கள். ஒடித்த இடத்தில் வெயிலும் இறங்கும், காக்கையும் இறங்கும். படம் எடுத்தவர் மறுநாள் வந்து பார்ப்பதில்லை. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், பட்டியலில் உள்ள காட்டுப்பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பது வேட்டைக் கணக்கில் வருகிறது. துப்பாக்கி தூக்கியவனுக்கு உள்ள கூச்சம்கூட இவர்களுக்கு இல்லை. ஆட்காட்டிக் குஞ்சின் கதி இன்னும் மோசம். அது பயத்தில் அசையாது என்பதால் கையில் எடுத்து, அழகான கூழாங்கல் பக்கத்தில் வைத்து எடுக்கிறார்கள். நாலு குஞ்சும் ஒரே இடத்தில் வரிசையாகப் படுத்திருக்கும் படத்தை யாராவது பெருமையாகக் காட்டினால் சந்தேகப்படுங்கள். குரல் கேட்டதும் அவை சிதறிப் படுக்குமே தவிர அணிவகுத்துப் படுக்காது.

இந்தப் பருவத்திலேயே கண்மாயில் வண்டல் அள்ளவும் வண்டிகள் இறங்குகின்றன. வயலுக்கு வண்டல் வேண்டும், தண்ணீர் வருவதற்குமுன் அள்ளியாகவும் வேண்டும். அதில் தப்பு சொல்ல நான் யார்? ஆட்டுப் புழுக்கையும் கல்லும் சுற்றி அடுக்கிய நாலு முட்டையை டிராக்டர் ஓட்டுகிறவர் கண்டுகொள்வதும் நடக்காத காரியம். சிலர் கண்டுகொள்கிறார்கள் என்பதுதான் ஆச்சரியம். தலைக்குமேல் பறவை கத்துவதை வைத்தே இடத்தைக் கணித்து, அந்தத் திட்டை விட்டுவிட்டுச் சுற்றி அள்ளிய ஓட்டுநர் ஒருவரை எனக்குத் தெரியும்.

கோயம்புத்தூர் நண்பர் ஒருவருக்கு என் பறவையே பிடிக்காது. அவர் மஞ்சள் மூக்கு ஆட்காட்டி ரசிகர். “உங்க பறவை ஊருக்கே கேக்கற மாதிரி கத்துதுங்க. எங்களுது தரிசுல நின்னு அளவாப் பேசும்” என்பார். அது பொட்டல் காட்டுப் பறவை, இந்தியத் துணைக்கண்டத்தைத் தாண்டி வேறெங்கும் கூடு வைப்பதில்லை, கறுப்புத் தொப்பிக்கும் மஞ்சள் காலுக்கும் ஒரு கம்பீரம் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். குஞ்சு விஷயத்தில்தான் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அதன் மணல் நிறம் செம்மண்ணோடு அப்படியே கலந்துவிடும், பிடரி வெள்ளை போய் வரும் நாடகம் அதில் அவ்வளவாக எடுபடாது. போன சித்திரையில் அவர் ஒரு படம் அனுப்பினார். முழுக்கச் சரளை, ஓரத்தில் உற்றுப் பார்த்தால் ஒரு கண். “எப்படிங்க?” என்று கேட்டார். பிரமாதம் என்றேன், பொய்யில்லை. ஆனால் குஞ்சு படுத்திருக்கிறது. அது எழுந்த பிறகு எடுத்ததை அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.