இசைக் கல்வியும் இளமனமும்: ஒரு திறனாய்வு

இசை பயிலும் பிள்ளை படிப்பிலும் முந்தும் என்று கூறுவது இன்று பெருவழக்காகிவிட்டது. பெற்றோர் கூட்டங்களிலும் ஆண்டு விழா மேடைகளிலும் இதனைக் கேளாதார் இலர். பிள்ளையை இசை வகுப்பிற் சேர்க்கும் பெற்றோரும் இதனையே முதற் காரணமாகக் காட்டுவர். இக்கூற்று எங்குப் பிறந்தது? எவ்வளவு மெய்யானது? இதனை நம்பி நடப்பதால் பிள்ளையின் மனத்திற்கு விளைவது நலமா, கேடா? இம்மூன்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் அதன் பிறப்பைக் காண்போம். 1993ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ரவுசர் முதலிய மூவர், 36 கல்லூரி மாணவர்களுக்கு மோட்சார்ட்டின் பியானோ இசையைப் பத்து நிமிடம் கேட்பித்தனர். பின்னர், தாளை மடித்து வெட்டினால் எவ்வடிவம் தோன்றும் என்பது போன்ற கேள்விகளைக் கொடுத்தனர். மதிப்பெண் உயர்ந்தது. ஆனால் அவ்வுயர்வு கால் மணி நேரத்திற்கு மேல் நிலைக்கவில்லை. அவ்வாய்வில் குழந்தைகளும் இல்லை; இசை கற்றலும் இல்லை. இருந்தும், 1998இல் அமெரிக்க ஜார்ஜியா மாநில ஆளுநர் செல் மில்லர், பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் இசைப்பதிவு வழங்க 105,000 டாலர் ஒதுக்குமாறு சட்டமன்றத்தைக் கேட்டார். கேட்டல் வேறு, கற்றல் வேறு என்னும் எளிய உண்மை அன்றே மறக்கப்பட்டது.

கற்றலை நேரே ஆராய்ந்தவர் கனடா நாட்டின் செல்லன்பர்க் என்பார். ஆறு வயதுக் குழந்தைகள் 144 பேரை நான்கு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு விசைப்பலகை இசையும், ஒரு பிரிவுக்கு வாய்ப்பாட்டும், ஒரு பிரிவுக்கு நாடகமும் 36 வாரம் கற்பித்தார். நான்காம் பிரிவுக்கு அவ்வாண்டு எதுவும் இல்லை. முடிவு 2004இல் வெளிவந்தது. இசை பயின்றோரின் அறிவுத்திறன் அளவு 7 புள்ளி உயர்ந்தது. பிறர்க்கு உயர்ந்தது 4.3 புள்ளி. வேறுபாடு உண்டு, ஆனால் சிறிது. அதுவும் நிலைத்த முடிவாகவில்லை. சாலா, கோபே என்னும் இருவர் 54 ஆய்வுகளை, ஏறத்தாழ 7,000 குழந்தைகளைப் பற்றியவற்றை, ஒருங்கே நிறுத்து 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டில், செவ்விய முறையில் நடந்த ஆய்வுகளில் இப்பயன் ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

ஆகவே, மதிப்பெண்ணைக் காட்டி இசைக்கு வாதாடுவார், மணலின் மேல் வீடு கட்டுவார் ஆவர். நாளை மதிப்பெண் உயராதபோது, இசை வகுப்பு வேண்டா என்று சொல்லும் உரிமையை அவர்களே பிறர் கையிற் கொடுத்துவிடுகின்றனர்.

அப்படியாயின் இசையால் பயனில்லையா? உண்டு. அதனை அறிவின்பால் தேடியது பிழை. மனத்தின்பால் தேடுதல் வேண்டும். வெனிசுவேலா நாட்டில் அப்ரேயு என்பார் 1975இல் தொடங்கிய ‘எல் சிஸ்தேமா’ என்னும் இசை இயக்கம், சிறுவரைக் குழுவாக அமர்த்தி இசை கற்பிப்பது. அங்கு 16 மையங்களில், 6 முதல் 14 வயது வரையுள்ள 2,914 பிள்ளைகளில் ஒரு சாரார் 2012இலும் மறுசாரார் ஓராண்டு கழித்தும் குலுக்கல் முறையில் சேர்க்கப்பெற்றனர். முன்னர்ச் சேர்ந்தோரிடம் தம்மைத் தாமே அடக்கியாளும் ஆற்றல் சிறிது மிகுந்தும், நடத்தைச் சிக்கல்கள் சிறிது குறைந்தும் காணப்பட்டன. வன்முறையைக் கண்டு வளர்ந்த ஆண்பிள்ளைகளிடத்தும், கல்வி குறைந்த தாய்மாரின் பிள்ளைகளிடத்தும் இப்பயன் கூடுதலாக இருந்தது. அறிவுத்திறனில் பொதுவாக மாற்றம் காணப்படவில்லை. புண்பட்ட மனத்திற்கே இம்மருந்து மிகுதியும் பயன்பட்டது என்பதை ஆசிரியர்கள் கருத்திற் கொள்க.

ஆயினும் இங்கும் நிறையை மட்டும் பேசுதல் திறனாய்வாகாது. அவ்வியக்கத்தில் அடக்குமுறையும் கண்டிப்பும் மிகுந்திருந்தன என்று ஜெஃப்ரி பேக்கர் என்பார் 2014இல் ஒரு நூலே எழுதினார். வறியோர்க்கென்று சொல்லப்பட்ட வகுப்புகளில் வறிய பிள்ளைகள் குறைவாகவே இருந்தனர் என்பதையும் மேற்சொன்ன ஆய்வே காட்டிற்று. இன்னும் ஒன்று: செல்லன்பர்க்கின் ஆய்வில், பிறரோடு பழகும் பண்பில் வளர்ந்தவர் இசை பயின்றோர் அல்லர், நாடகம் பயின்றோரே. இசை தானாகவே எல்லா நலத்தையும் தந்துவிடும் என்பார்க்கு இது தக்க விடை.

இதற்கு மாறாக, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான்கு வயதுக் குழந்தைகள் 96 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. இருவர் இருவராகச் சேர்ந்து பாடி ஆடி விளையாடிய குழந்தைகள், அதே விளையாட்டைப் பாட்டின்றி ஆடியவர்களைவிட, தோழரின் கோலிக்குண்டுகள் சிதறியபோது விரைந்து உதவினர். அது அப்போதைய பயனே. நெடுநாள் நின்றதென்று கொள்வதற்கில்லை. எனினும் இவ்விரு முடிவுகளையும் அருகருகே வைத்து எண்ணினால் ஒன்று புலனாகும். நாடகத்திலும் சரி, லைப்சிக் விளையாட்டிலும் சரி, ஒரு குழந்தை மற்றொரு குழந்தையின் முகம் பார்த்தே தன் பங்கைச் செய்ய வேண்டியிருந்தது. மனத்தை நலப்படுத்துவது சுரம் மட்டுமன்று. சுரத்தைப் பகிர்ந்துகொள்ளும் துணையுமாகும் என்பதே என் துணிபு.

நம் நடைமுறை எவ்வாறுள்ளது? நான் அறிந்த சிறுமி ஒருத்தி, சமையலறையில் தாயோடு ஓயாது பாடிக்கொண்டிருப்பாள். படிநிலைத் தேர்வுக்கென்று வகுப்பில் சேர்த்தனர். ஈராண்டில் சான்றிதழ் இரண்டு வந்தன, பாட்டு நின்றுவிட்டது. தேர்வு நாளன்று காலையில் வயிறு வலிக்கிறதென்று அழுவாள். இசை அவளுக்கு மற்றொரு கணக்குப் பாடமாயிற்று. இதனை மனநலம் என்று எவ்வாறு சொல்வது?

தமிழாசிரியர்களுக்கு இது எட்டாத பணியன்று. செய்யுளை ஓசையோடு பாடுதலும், வகுப்பே ஒருங்கு சேர்ந்து தாளம் தட்டுதலும் நம் பழைய கற்பிக்கும் முறைகள். குரல் கரகரக்கும் பிள்ளையையும், தாளம் தவறும் பிள்ளையையும் ஒதுக்காது சேர்த்துக்கொள்க. வாரத்தில் ஒரு பாடவேளையேனும் மதிப்பெண் இன்றி, போட்டி இன்றிப் பாடுக. கடுந்துயரில் இருக்கும் பிள்ளைக்குப் பாட்டு மட்டும் போதாது. ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் அனுப்புதல் கடமை. ஆனால் பாடும்போது ஒரு பிள்ளை வாய் மூடி நிற்பதை முதலில் காண்பவர் ஆசிரியரே. அதனைக் கண்டு அப்பிள்ளையின் அருகிற் சென்று நிற்பாராயின், இசைக் கல்வி தன் கடமையின் பெரும்பகுதியைச் செய்ததாகும்.