அரியலூர்ப் பையன், கோவில்பட்டித் திடல்

2023 ஆகஸ்ட் 6, சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கு. ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை ஹாக்கியில் மலேசியாவுக்கு எதிரான இந்தியாவின் ஆட்டம். முதல் கால்பகுதி முடியப்போகிறது. 15-ஆவது நிமிடத்தில் கோல் அடித்தார் நம் அரியலூர் கார்த்தி செல்வம். கோல் விழாமல் இடைவேளைக்குப் போயிருந்தால் மலேசியா தெம்பாகத் திரும்பியிருக்கும். இந்தியா வென்றது 5-0. ஐந்து நாள் கழித்து அரையிறுதியில் ஜப்பானுக்கு எதிராகவும் ஒரு கோல், அதுவும் 5-0. முந்தைய ஆண்டு ஜகார்த்தாவில், ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக அறிமுகமானபோது ஒன்பதாவது நிமிடத்திலேயே பெனால்டி கார்னரில் அடித்தவர்தான்.

பெரம்பலூர் பக்கத்து எறையூரில் உட்கார்ந்து இதை எழுதும்போது பெருமையோடு ஓர் ஆதங்கமும் வருகிறது. பையன் நம்முடையவன், ஆனால் அவனை ஆட்டக்காரனாக்கியது கோவில்பட்டி விளையாட்டு விடுதி. அவரோடு ஜகார்த்தாவில் அறிமுகமான இன்னொரு வீரர் மாரீஸ்வரனும் அங்கே வளர்ந்தவர்தான்.

நம் ஊர் மண் திடலில் பந்து சரளைக்கல்லில் பட்டு முழங்கால் உயரம் எகிறும். அதைத் தடுக்க நம் பிள்ளைகள் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து, உடம்பையும் பின்னால் அணையாகக் கொடுப்பார்கள். தண்ணீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பாயும். அணைகொடுத்து நிறுத்துவதற்குள் எதிரணிக்காரன் கொண்டுபோய்விடுவான். ஓடிக்கொண்டே தொட்டுத் திருப்ப வேண்டும். பதினெட்டு வயதில் போய் இதைக் கற்பது பெரும்பாடு.

கோவில்பட்டியில் அந்தத் தரை இருக்கிறது, விடுதி இருக்கிறது. லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பெரிய அணிகள் வந்து ஆடுகின்றன. சிறுவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தே பாதி பழகிவிடுகிறார்கள்.

மோத எதிரணி இருந்தால்தான் ஆட்டம் வளரும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் கதை இதுதான். 1857-இல் ஒரு கால்பந்துக் கழகம் பிறந்தது. மோத ஆள் வேண்டாமா? 1860-இல் ஹாலம் கழகம் வந்தது, அதே டிசம்பரில் சாண்டிகேட் திடலில் இரண்டும் மோதின. அந்தத் திடலில் இன்றும் ஆடுகிறார்கள்.

நமக்கும் முதல் தேவை எதிரணிதான். எறையூரும் பெரம்பலூரும் அரியலூரும் ஜெயங்கொண்டமும் ஆண்டு தவறாமல் ஒரே கோப்பைக்கு மோதட்டும். 2025-இல் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை மதுரை வரைக்கும் வந்துவிட்டது. எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டி போகும் சாலையோரம், பள்ளிவிட்டுத் திரும்பும் பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு நடப்பதை நான் பார்க்க வேண்டும்.